பரணில் கிடக்கும் வீணை

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் விடியுமுன்னே திருப்பாவை கேட்கும். பாடுகிற பெண்களில் பலருக்கு ஆண்டில் அந்த ஒரு மாதந்தான் பாட்டு. தை பிறந்ததும் குரல் அடுக்களைக்குள் அடங்கிவிடுகிறது. பஸ் ஏறி ராஜபாளையம் சென்றாலும் இதே கதைதான். பள்ளி நாளில் சித்திரத்திற்குப் பரிசு வாங்கியவள், கல்யாணத்திற்குப் பின் வாசல் கோலத்தோடு நின்றுவிடுகிறாள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வீணை பரண்மேல் தூசி படிந்து கிடக்கிறது.

பிள்ளைகள் தலையெடுத்த பின் ஒருநாள், அதை இறக்கிப் பார்த்தால் என்ன என்று மனம் கேட்கும். “இந்த வயதிலா?” என்று வீட்டார் சிரித்துவிட்டால் அத்துடன் முடிந்தது.

இந்த வயதில் முடியுமா? முடிந்திருக்கிறது. 1928-இல் பிறந்த கலாநிதி நாராயணன், தாயாரின் ஆர்வத்தால் சிறு வயதிலேயே பரத நாட்டியம் பயின்றவர். குலத்தொழிலாக அன்றி, வெளிக்குடும்பத்துப் பெண் ஒருத்தி சதங்கை கட்டுவதே அரிதாக இருந்த காலம் அது. மயிலாப்பூர் கௌரி அம்மாள் போன்ற பெரியவர்களிடம் அபிநயம் கற்றார், மேடையேறினார். பிறகு திருமணம், குடும்பம். நாட்டியம் நின்றது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் நின்றது. 1973-இல் கலாரசிகர் ஒய். ஜி. துரைசாமி, இளம் நர்த்தகி ஒருவருக்கு அபிநயம் கற்பிக்கும்படி அவரைக் கேட்டுக் கொண்டார். அம்மையாருக்கு அப்போது வயது 45-ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. சம்மதித்தார். அலர்மேல் வள்ளி, பிரியதர்சினி கோவிந்த் முதலிய பல கலைஞர்கள் அவரிடம் பயின்றார்கள். 1985-இல் பத்ம பூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 2016-இல் அவர் மறையும்போது அபிநயம் என்றாலே நினைவுக்கு வரும் பெயராக அது இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. இளமையின் துள்ளலை அவர் தேடிப் போகவில்லை. முகத்தாலும் கையாலும் மனத்தைக் காட்டும் அபிநயத்தையே பற்றிக் கொண்டார். தாயாகவும் இல்லத்தரசியாகவும் வாழ்ந்த ஆண்டுகள் அதற்கு உரமாயிருக்கும் என்பதில் ஐயமில்லை. விட்ட இடத்தில் தொடங்க முடியாவிட்டால் என்ன? வந்து சேர்ந்த இடத்தில் தொடங்கலாமே! விரல் முன்போல் ஓடாது. குரல் மேலே ஏறாது. ஆனால் இருபது வயதில் புரியாத பாட்டு ஐம்பதில் புரியும்.

இரண்டாவது, அவரை ஒருவர் கேட்டார். கேட்டதால் வந்தார். கேட்பாரில்லாமல் பரணிலேயே போன வீணைகள் எத்தனையோ! இழந்த 30 ஆண்டுகள் இழந்தவைதான். அதைத் தியாகம் என்று போற்றிவிட்டு நாம் நகர்ந்து விடுவது நியாயமாகாது.

ஆகவே கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: இன்று மாலை வீட்டில் கேட்டுப் பாருங்கள். “முன்பு பாடுவாயாமே, ஒன்று பாடேன்” என்று சொல்ல எத்தனை நேரமாகும்? சொன்னதோடு நில்லாமல் தினம் ஒரு மணி நேரம் அடுப்படிப் பொறுப்பை ஏற்றுக் கொள்ளுங்கள். பாராட்டு மட்டும் கொடுத்து நேரத்தைக் கொடுக்காவிட்டால் என்ன பயன்?

ஊருக்கும் கடமை உண்டு. சென்னை மாகாண முதல்வராயிருந்த குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தமது இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தவர். வீட்டையே கலைக்குக் கொடுத்த ஊரில், வீட்டுப் பெண்களின் கலைக்கு இடமில்லாமற் போகலாமா? சபைகளும் பள்ளிகளும் மாதத்தில் ஒரு மாலையை நாற்பது வயது கடந்து மீண்டும் தொடங்குவோருக்கென ஒதுக்கட்டும். பரிசு வேண்டாம், போட்டி வேண்டாம். கேட்க நாலு பேர் போதும்.

கவி பாடிய பெண்ணைத் தெய்வமாக வைத்துத் தேரிழுக்கிற சீமை இது. கோயிலில் ஆண்டாளுக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு மூலையை வீட்டிலிருக்கும் கோதைக்கும் கொடுப்போம். முதலில் அந்தப் பரணுக்கு ஏணி வையுங்கள்.