ஜீனை அடக்கும் மருந்து நம்ம ஊருக்கு வருமா?

சர்க்கரை நோயாளி காலில் சின்னப் புண் வந்தால் போதும், வீட்டில் எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான் ஓடும்: "விரலை எடுத்துடுவாங்களோ?" ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். யாரோ ஒருத்தர் வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது.

அந்தப் புண் ஏன் ஆற மறுக்கிறது? நரம்பு மரத்துப்போவதும் ரத்த ஓட்டம் குறைவதும் நமக்குத் தெரிந்த காரணங்கள். இன்னொரு வில்லன், எம்.எம்.பி-9 என்ற என்சைம். பழைய திசுவை அகற்றுவது இதன் வேலை. சர்க்கரைப் புண்ணில் இது அளவுக்கு மீறிச் சுரந்து, புதிதாக வளரும் திசுவையும் அரித்துவிடுகிறது. கொத்தனார் சுவர் எழுப்ப எழுப்ப, பின்னாலேயே ஒருத்தர் இடித்துக்கொண்டு வந்தால் வீடு எப்படி எழும்பும்?

இடிக்கிற ஆளை நிறுத்த ஒரு வழி இருக்கிறது. ஜீனிலிருந்து என்சைம் உருவாக, நடுவில் எம்.ஆர்.என்.ஏ. என்ற நகல் வேண்டும். அந்த நகலோடு பொருந்துகிற, சுமார் 21 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ.வை உள்ளே அனுப்பினால், நம் செல்லே நகலை வெட்டிப் போட்டுவிடும். ஜீன் அப்படியே இருக்கும், அதன் உத்தரவு மட்டும் கொஞ்ச நாளைக்கு எடுபடாது. 1998-ல் இந்த வித்தையைப் புழுவில் கண்டுபிடித்த ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அப்படியே புண்ணில் ஊற்றிவிடலாமா? முடியாது. அங்கே இருக்கிற என்சைம்கள் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். தப்பித்தாலும் செல்லின் சவ்வு உள்ளே விடாது. அதனால்தான் நானோ உறை. இப்படிக் கொழுப்பு நானோ துகளில் அடைத்து, 2018-ல் அமெரிக்கா அனுமதித்த முதல் மருந்து பட்டிசிரான். அது ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கானது. புண்ணுக்கு? எம்.ஐ.டி.யில் பவுலா ஹாமண்ட் குழு, எம்.எம்.பி-9-ஐ அடக்கும் ஆர்.என்.ஏ.வைக் கட்டுத்துணியில் நானோ படலங்களாகப் பூசி, சர்க்கரை நோயுள்ள எலிகளின் புண் சீக்கிரம் ஆறுவதை 2016-ல் காட்டியது. எலித்தோல் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும், நம் தோல் அப்படி இல்லை. அதனால் இப்போதே கை தட்ட வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான். செல்லுக்குள் கொண்டுசேர்ப்பது பாதி வேலை. கோவளத்து மீனவர் காலுக்குக் கொண்டுசேர்ப்பது மீதிப் பாதி. பட்டிசிரான் வந்தபோது அறிவித்த விலை, ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 4.5 லட்சம் டாலர்! அந்த வழியில் போனால் நம்ம ஊருக்கு எதுவும் வராது.

வேறு வழி இருக்கிறது. 2022-ல் அவசர அனுமதி பெற்ற புனே ஜெனோவா நிறுவனத்தின் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி, உறையவைத்து உலர்த்தப்பட்டது. சாதாரண ஃபிரிட்ஜ் குளிரே அதற்குப் போதும். கட்டுத்துணியையும் அதுபோல உலர்த்தி, மலிவாகச் செய்ய முடியாதா? கேளம்பாக்கத்தைச் சுற்றி மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. ப்ராஜெக்ட் தலைப்பு தேடி அலைகிற நண்பர்களே, இதை எடுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. அந்தப் பையில் வைத்துக் கொண்டுபோக முடிகிற கட்டுத்துணிதான் நமக்கு மருந்து.

அதுவரைக்கும்? வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலைப் பாருங்கள். எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். திருப்போரூர் கோயிலுக்குப் போனால், உச்சி வெயிலில் கல் தரையில் நடக்க விடாதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது.