பாவமன்னிப்பும் பட்ட கடனும்

1667-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியிருந்த வர்ஜீனியாவின் சட்டசபை விசித்திரமான சட்டமொன்றை நிறைவேற்றியது. ஞானஸ்நானம் பெறுவதனால் அடிமையின் நிலை மாறிவிடாது, அவன் முன்போலவே அடிமையாக இருந்து வருவான் என்பதே அதன் சாரம். எஜமானர்கள் இனிச் சந்தேகமின்றித் தங்கள் அடிமைகளுக்குக் கிறிஸ்து மார்க்கத்தைப் போதிக்கலாம் என்று அதற்குக் காரணமும் அச்சட்டத்திலேயே கூறப்பட்டது. அடிமையின் ஆன்மாவை மோட்சத்துக்கும் அவன் உடலை எஜமானனுக்கும் பாகப் பிரிவினை செய்து வைத்த தஸ்தாவேஜு அது.

வினா எழாத இடத்தில் சட்டம் பிறப்பதில்லை என்பதை வழக்கு மன்றம் பழகியோர் அறிவர். எலிஸபெத் கீ என்பவள் ஆங்கிலேயத் தந்தைக்கும் ஆப்பிரிக்க அடிமைத் தாய்க்கும் பிறந்தவள். தன் தந்தை சுதந்திரர், தானோ ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், ஆகையால் தன்னை அடிமையாக வைத்திருப்பது நியாயமன்று என்று அவள் வர்ஜீனியாவில் வழக்காடி, 1656-ல் விடுதலை பெற்றாள். 1662-ல் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்ததே என்று சட்டம் செய்து தந்தை வழி வாசலை அடைத்தார்கள். 1667 ஆகஸ்டில் பெர்னாண்டோ என்ற அடிமை, தான் கிறிஸ்தவன் என்றும் இங்கிலாந்தில் சில வருஷங்கள் வசித்தவன் என்றும் கூறி விடுதலை கோரினான். அவன் கோரிக்கை தள்ளப்பட்டது. மறுமாதமே ஞானஸ்நான வாசலும் அடைபட்டது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஞானஸ்நானம் மனிதனின் நிலையை மாற்றும் என்று நம்பினவன் அடிமை. மாற்றாது என்று சட்டம் செய்தவர்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். இவ்விருவரில் வேதத்தைச் சரியாகப் படித்தவர் யார்?

வேதமே சாட்சி சொல்லட்டும். யோர்தான் நதியில் யோவான் அளித்தது மனந்திரும்புதலின் ஸ்நானம், பாவமன்னிப்பை நாடியது. தம்மிடம் வந்து, தாங்கள் செய்ய வேண்டியது யாதென்று கேட்ட ஜனங்களுக்கு அவர் மந்திரம் எதையும் உபதேசிக்கவில்லை என்பதை லூக்காவின் சுவிசேஷம் 3-ஆம் அதிகாரத்தில் காணலாம். இரண்டு அங்கி உடையவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும். வரி தண்டும் ஆயக்காரர் விதித்ததற்கு மேல் வாங்கலாகாது. போர்ச்சேவகர் ஒருவரையும் மிரட்டிப் பறிக்காமல் தம் சம்பளத்தோடு திருப்தியடைய வேண்டும். நதியில் மூழ்கியவன் கரையேறும்போது அவனுடைய பெட்டியும், கணக்கும், கையிலுள்ள தடியும் மாறியிருக்க வேண்டும் என்பதன்றோ இதன் கருத்து?

பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு மனந்திரும்புதலையும் ஞானஸ்நானத்தையும் பாவமன்னிப்பையும் ஒரே தொடராகக் கூறினார். ஞானஸ்நானத்தில் பழைய மனிதன் இறந்து புதியவன் எழுகிறான் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். ஞானஸ்நானம் பெற்றோருள் யூதன், கிரேக்கன் என்றும், அடிமை, சுயாதீனன் என்றும், ஆண், பெண் என்றும் பேதமில்லை என்று கலாத்தியருக்கு எழுதினார். 1807-ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று தெரிந்தெடுத்து அச்சிடப்பட்ட பைபிளில் இந்தக் கலாத்தியர் வாக்கியம் இடம்பெறவில்லை. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய வரலாறும் விடுபட்டது. ஒரு வாக்கியத்தின் வலிமையை அதை நேசிப்பவர்களைவிட அதற்கு அஞ்சுபவர்களே நன்கறிவர்.

அடிமைகள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் அதே பவுல் வேறு நிருபங்களில் எழுதியிருக்கிறாரே என்று தோட்ட முதலாளிகள் வாதித்தனர். அவர் அப்படி எழுதியது உண்மையே. அதை மறைப்பதால் பயனில்லை. ஆனால் பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தையும் அதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒநேசிமு என்ற அடிமையைத் திருப்பி அனுப்பும் பவுல், இனி அவனை அடிமையாகவன்றி அதற்கு மேலாக, அன்புச் சகோதரனாக ஏற்கும்படி எஜமானனை வேண்டுகிறார். அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லி, தாமே செலுத்துவதாகக் கையெழுத்தும் இடுகிறார். சகோதரன் என்ற சொல்லை ஆன்மாவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற சௌகரியத்தை அவர் பிலேமோனுக்கு அளிக்கவில்லை.

மன்னிப்பைப் பற்றிய போதனையும் இத்தகையதே. இயேசு கற்பித்த ஜெபத்தில் பாவத்தைக் குறிக்க மத்தேயு ஆளும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் கடன் என்பது. மலைப் பிரசங்கத்திலோ, பலிபீடத்தின் முன் காணிக்கையுடன் நிற்பவனுக்குத் தன் சகோதரன் தன்மீது கொண்டுள்ள குறை நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்று கட்டளையிடப்படுகிறது. மோசேயின் சட்டமும், குற்றத்தை அறிக்கையிடுவதோடு, முதலையும் அதன்மேல் ஐந்திலொரு பங்கையும் தீங்குற்றவனுக்குக் கொடுக்குமாறு எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில் விதிக்கிறது. ஆயக்காரர் தலைவனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகவும் கூறின பின்னரே, இரட்சிப்பு அவ்வீட்டுக்கு வந்ததென்று இயேசு அறிவித்தார்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒரு பாவத்தின்மேல் வழக்காடும் உரிமை இருவருக்கு உண்டு: ஒருவர் கடவுள், மற்றவன் தீங்குற்ற மனிதன். கடவுளின் மன்னிப்பு கடவுளின் வழக்கை முடிக்கும். மனிதனின் வழக்கை அது தள்ளுபடி செய்து விடுவதில்லை. அவனிடம் போய்க் கணக்குத் தீர்க்கும்படி பாவியை அனுப்பி வைக்கிறது. வர்ஜீனியாச் சட்டம் துண்டித்தது இந்தத் தொடர்பைத்தான்.

துண்டித்ததன் விளைவை வரலாறு காட்டுகிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் கரோலினாவில் ஊழியம் செய்த பிரான்ஸிஸ் லெ ஜோ பாதிரியார், ஞானஸ்நானம் கேட்டு வந்த அடிமைகளை, எஜமானனுக்குரிய கீழ்ப்படிதலிலிருந்து விடுபடும் நோக்கத்தோடு அதைக் கேட்கவில்லை என்று சபை முன்பாக உறுதி கூறச் செய்தார். பாவத்தைத் துறப்பதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் சுதந்திரத்தைத் துறப்பதாகச் சொல்ல வைத்தார்கள்!

அவரை அனுப்பியது 1701-ல் லண்டனில் தோன்றிய எஸ்.பி.ஜி. சங்கம், பிற்காலத்தில் நம் தஞ்சை, திருநெல்வேலிச் சீமைகளிலும் ஊழியம் செய்த அதே சங்கம். 1710-ல் காலமான கிறிஸ்டபர் காட்ரிங்டன் என்பவர் எழுதிவைத்த உயிலின் மூலம் பார்பேடோஸ் தீவிலுள்ள கரும்புத் தோட்டங்கள், அடிமைகளோடு, இச்சங்கத்தின் உடைமையாயின. அவ்வடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறிக்கப்பட்டது. நெற்றியில் ஞானஸ்நானத் தண்ணீர், மார்பில் சூட்டுக்கோல்! 1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது 2 கோடி பவுன் நஷ்டஈடு வழங்கிற்று. அது எஜமானர்களுக்குப் போயிற்று. காட்ரிங்டன் தோட்டங்களுக்காகச் சங்கத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 8,800 பவுன். அடிமைகளுக்குக் கிடைத்தது ஒரு காசுமில்லை.

கத்தோலிக்கர் கணக்கும் சுத்தமன்று. 1838-ல் மேரிலாந்து சேசு சபைக் குருமார் தங்கள் தோட்டங்களிலிருந்த 272 ஆடவர், பெண்டிர், குழந்தைகளை லூயிசியானாவிலுள்ள முதலாளிகளுக்கு 1,15,000 டாலருக்கு விற்றனர். விற்கப்பட்டோரில் பலர் அக்குருமார் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, விலைப் பணத்தைக் கொண்டு கடன் தீர்க்கலாகாது என்று ரோமிலிருந்த தலைவர் விதித்திருந்த நிபந்தனைகளும் காற்றில் விடப்பட்டன. ஒரு பங்கு ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்கச் சென்றது.

இதை நாம் எழுதுவது கிறிஸ்து மார்க்கத்தை நிந்திப்பதற்கன்று. அம்மார்க்கத்தின் சொல்லை முழுமையாக நம்பினவர்களும் அதே நாட்களில் இருந்தனர். 1688-ல் பென்ஸில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் அடிமை வாணிபத்தைக் கண்டித்து எழுத்து மூலம் தங்கள் குவேக்கர் சபைக்கு விண்ணப்பித்தனர். ஜமெய்க்காவில் சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை, பாப்டிஸ்ட் சபையில் உதவி ஊழியர், பைபிளைப் படித்தவர். ஒரே சமயத்தில் இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்தல் இயலாது என்ற வேத உபதேசத்தை மெய்யென்று கொண்டு, 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் மூண்ட அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1832-ல் தூக்கிலிடப்பட்டார். ஞானஸ்நானத்தின் பொருளை வர்ஜீனியாச் சட்டசபைக்கு விளக்கவல்ல அறிஞர் அவரே.

இனி, இக்காலத்துக்கு வருவோம். இங்கிலாந்து திருச்சபையின் மாமன்றம் 2006-ல் அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரியது. 2017-ல் ஜார்ஜ்டவுனில் நடந்த வழிபாட்டில் சேசு சபையார், விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் முன்னிலையில் தங்கள் பாவத்தை அறிக்கையிட்டனர். 2021-ல் அவர்களுக்கென அமைந்த நிதிக்கு 10 கோடி டாலர் திரட்டுவதாகச் சேசு சபையார் உறுதி கூறினர். 2023-ல் இங்கிலாந்து திருச்சபையின் சொத்துக்களைப் பராமரிப்போர், தங்கள் மூலதனத்துக்கு அடிமை வாணிபம் நடத்திய தென்கடல் கம்பெனியோடு தொடர்பு இருந்ததை ஒப்புக்கொண்டு, 10 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தனர். உடனே ஆட்சேபங்களும் எழுந்தன. அவற்றுள் முக்கியமானவற்றை ஆராய்வோம்.

மன்னிப்பு கிருபையால் வருவது, அதைப் பணத்தால் வாங்குவது 1517-ல் லுத்தர் எதிர்த்துக் கிளம்பிய பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்துக்குத் திரும்புவதாகும் என்பது முதல் ஆட்சேபம். பணம் எந்தத் திசையில் போகிறதென்று பார்த்தால் ஐயம் தீரும். சீட்டு விற்ற காலத்தில் பணம் பாவியிடமிருந்து திருச்சபைக்குப் போயிற்று. தீங்குற்றவனுக்கு அதில் பங்கில்லை. சகேயுவின் பணமோ தீங்குற்றவனுக்குப் போயிற்று. அவன் இரட்சிப்பை விலைக்கு வாங்கவில்லை. இயேசு அவன் விருந்தாளியாக முன்னமே வந்துவிட்டார். திருப்பிக் கொடுத்தல் மன்னிப்பின் விலையன்று, மனந்திரும்பியதற்கு அத்தாட்சி.

தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் கூறுகிறதே என்பது இரண்டாவது. மெய்தான். பாவம் வாரிசுரிமையாக இறங்குவதில்லை. சொத்து இறங்குகிறது! சொத்தை ஏற்றவன் அதன்மேலுள்ள பாரத்தையும் ஏற்கிறான் என்பது எந்த நாட்டுச் சட்டத்துக்கும் புதிதன்று. மேலும் திருச்சபையும், சங்கமும், கல்லூரியும் சாகும் மனிதரல்ல. கையெழுத்திட்ட ஸ்தாபனமே இன்றும் உயிரோடிருக்கையில் மகனைப் பற்றிய பேச்சுக்கே இடமேது?

இத்தனை தலைமுறைகளுக்குப் பின் யாருக்குக் கொடுப்பது என்பது மூன்றாவது. தலை எண்ணி நஷ்டஈடு வாங்கத் தெரிந்தவர்களிடம் தலைக் கணக்கு இல்லாமற் போகவில்லை. விற்கப்பட்ட 272 பேரின் பெயர்கள் விற்பனைப் பத்திரங்களில் உள்ளன. அவர்கள் சந்ததியாரைக் கண்டறியக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் துணை செய்கின்றன. மனித நிலையை மாற்றாது என்று எஜமானர்கள் தீர்ப்பளித்த அதே ஞானஸ்நானம், இன்று அவர்களுக்கு எதிரான சாட்சியப் பத்திரமாக வந்து நிற்கிறது.

ஆகையால் இந்த ஸ்தாபனங்களுக்கு நாம் சொல்லத்தக்கது சுருக்கமானது. மன்னிப்புக் கோரிய வரையில் நன்று. ஆனால் மன்னிப்புக் கோருபவன் தானே அதன் தவணையையும் தொகையையும் நிர்ணயித்துக்கொண்டு, தானே ரசீதும் எழுதிக்கொள்ளலாகாது. கணக்கைத் தீங்குற்றோரின் சந்ததியார் முன் விரித்து வைத்து, அவர்களையும் உடன் இருத்தித் தீர்மானிக்க வேண்டும். அவர்கள் மன்னிப்பதும் மன்னிக்காதிருப்பதும் அவர்கள் உரிமை. அதை நிபந்தனையாக்கிக் கேட்க எவருக்கும் பாத்தியதையில்லை. கடன் மட்டும் எந்த நிலையிலும் கடனே. காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டுச் சகோதரனைத் தேடிப் போகச் சொன்னவரின் கட்டளை, அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லும் ஸ்தாபனங்களுக்கன்றி வேறு யாருக்கு முதலில் பொருந்தும்?