சுவருக்குள் இருக்கும் பவுல்

ரோமில் பவுலின் பெயரில் பெயர்பெற்ற ஆலயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, ‘சுவருக்கு வெளியே உள்ள பவுல்’. யாத்திரை போகிறவர்கள் எல்லாரும் தேடிப் போகும் கத்தோலிக்கப் பேராலயம் அது. இன்னொன்று வியா நாசியோனாலே வீதியில், பஸ் இரைச்சலுக்கு நடுவில் நிற்கிறது. செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறிமாறி வரிவரியாக அடுக்கிக் கட்டிய ஆலயம். பெயர், ‘சுவருக்குள் இருக்கும் பவுல்’. அமெரிக்காவின் எபிஸ்கோபல் திருச்சபையைச் சேர்ந்தது.

பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள் நான். எபிஸ்கோபல் என்றால் நமக்கு அந்நியம் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த குடும்பம்தான். விடுதலைப் போருக்குப் பிறகு அமெரிக்கர்களால் ஆங்கிலேய ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய முடியவில்லை. அதனால் அவர்களுடைய முதல் பேராயர் சாமுவேல் சீபரி 1784இல் ஸ்காட்லாந்துக்குப் போய் அபிஷேகம் பெற்றுவந்தார். 1947இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவான நம் தென்னிந்தியத் திருச்சபைக்கு அது ஒன்றுவிட்ட உறவுமுறை.

ஆலயத்தின் பெயரில் ஒரு பழைய வலி இருக்கிறது. போப்பாண்டவரின் ஆட்சி நடந்த காலத்தில் ரோம் நகரச் சுவருக்குள் புராட்டஸ்டன்ட் ஆலயம் எழுப்ப இடம் இல்லை. அமெரிக்கர்கள் பொப்போலோ வாசலுக்கு வெளியே ஒதுங்கி ஆராதித்தார்கள். 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை நகருக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. 1873இல் அடிக்கல் போட்டு, 1876இல் பிரதிஷ்டை செய்தார்கள். கட்டட வரைபடம் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் என்ற ஆங்கிலேயருடையது. ‘சுவருக்குள்’ என்று பெயர் வைத்தவர்கள், சுவருக்கு வெளியே நின்று பழகியவர்கள்.

உள்ளே போனதும் கண் முதலில் போவது பலிபீடத்துக்கு மேலே, எட்வர்ட் பர்ன் ஜோன்ஸ் வரைந்த மொசைக் சித்திரங்களுக்கு. ஒன்றில் கிறிஸ்து கைவிரித்து நிற்கிறார். பின்னால் சிலுவை இல்லை, இலை அடர்ந்த ஒரு மரம். ஒரு பக்கம் ஆதாம், மறுபக்கம் குழந்தைகளோடு ஏவாள். கைவிரித்திருப்பது பாடுபடவா, வாரி அணைக்கவா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைய ஆராதனை ஆங்கிலத்தில். எனக்கு முன்வரிசையில் நைஜீரியக் குடும்பம் ஒன்று. பக்கத்தில் கல்லூரிப் படிப்புக்காக வந்த அமெரிக்கப் பெண். ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க மக்களுக்கும் இதே ஆலயத்தில்தான் ஆராதனை. பெண்கள் குருவாகலாம், ஒருபால் இணையருக்கும் இங்கே இடம் உண்டு. இதில் எல்லாச் சபைகளும் ஒத்துப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யாரையும் வாசலில் நிறுத்தி விசாரிக்காத ஒரு சபையில் உட்கார்ந்தபோது மனசு லேசானது. அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை.

சமாதானம் பகிரும் நேரம் வந்தது. முன்வரிசை அம்மா திரும்பி என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் இது நம்முடையது. 1950இல் தென்னிந்தியத் திருச்சபை தன் திருவிருந்து ஒழுங்கை வகுத்தபோது, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்து, கைகளால் சமாதானம் பகிர்வதைச் சேர்த்தது. மேற்கத்திய சபைகள் பல, தங்கள் ஒழுங்கைத் திருத்தியபோது அதை முன்மாதிரியாகப் பார்த்தன. நாம் கொடுத்தது ரோமாபுரியைச் சுற்றி என் கைக்கே திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் காலை ஆலயத்தின் அடித்தளத்துக்குப் போனேன். அங்கேதான் ஜோயல் நஃபூமா அகதிகள் மையம் இருக்கிறது. 1980களில் தொடங்கியது. டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடந்துவரும் தூரம்தான். தங்க இடம் இல்லாதவர்கள், புகலிட மனுவுக்குப் பதில் எதிர்பார்த்திருப்பவர்கள் என்று வருகிறார்கள். காலை உணவு, இத்தாலிய மொழி வகுப்பு, உடுதுணி, சட்ட ஆலோசனைக்கு வழிகாட்டல். தேநீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றார்கள்; நின்றேன்.

பேப்பர் கோப்பைகள் வரிசையாக. ஒவ்வொருவரும் கையை நீட்டி, சர்க்கரை இன்னும் கொஞ்சம் என்று ஜாடை காட்டினார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு பையன் நோட்டில் இத்தாலிய வினைச்சொற்களைப் பத்தியாக எழுதிக்கொண்டிருந்தான். ‘நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், அவன் இருக்கிறான்.’ கோடு போடாத தாளில் வரி கோணாமல், அடிக்கோல் வைத்து எழுதினான். தேநீர் ஆறிப்போனது. சூடாக வேறு ஊற்றிக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்து, நெஞ்சில் கைவைத்து, மறுபடியும் எழுத ஆரம்பித்துவிட்டான்.

அங்கே நின்றபோது பவுல் ஞாபகம் வராமல் இருக்குமா? அவரும் ரோமுக்குக் கைதியாகத்தான் வந்தார். வழியில் கப்பல் உடைந்தது. அதில் இருந்தவர்கள் 276 பேர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் எண்ணிக்கையோடு சொல்கிறது. மால்டா தீவுக்காரர்கள் மழையிலும் குளிரிலும் தீ மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் லிபியாவிலிருந்து புறப்படும் படகுகள் அதே கடலில்தான் கவிழ்கின்றன. ரோமில் பவுல் வாடகை வீட்டில் இரண்டு வருஷம் இருந்தார்; தன்னைத் தேடிவந்த எல்லாரையும் ஏற்றுக்கொண்டார். அந்த வாடகை வீட்டின் தொடர்ச்சியாகத்தான் அந்த அடித்தளம் எனக்குத் தெரிந்தது.

வெளிநாட்டுச் சபை என்றால் சொந்த நாட்டார் கூடி, சொந்தப் பாட்டைப் பாடி, சொந்தச் சாப்பாடு சாப்பிட்டுப் பிரியும் இடமாக நின்றுவிடுவது சுலபம். அதுவும் தேவைதான், தனிமையில் தவிப்பவருக்கு அது மருந்து. ஆனால் இந்த அமெரிக்கர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் ஊருக்கு வருகிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம் தெருக்களில் கட்டடம் கட்டுகிறார்கள், ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறார்கள். நம் ஆலயங்களுக்குப் பக்கத்தில் நல்ல ஹால்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் கல்யாணமும் தவிர அநேக நாள் பூட்டியே கிடக்கின்றன. ஒரு தேநீர்ப் பாத்திரம், ஒரு கரும்பலகை, தமிழ் எழுத்து சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போதும். அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் தயவுசெய்து எழுந்து, ஹால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.