ஒரு வண்டும் உலக வாணிபமும்

உலக வாணிபம் என்றதும், அது கடல் கடந்த பட்டணங்களில் நடைபெறும் பெரிய மனிதர் அலுவல் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நோர்வூட்டிலே கொழுந்து பறிப்போருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் வினவக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு நாம் ஒரு வண்டின் கதையைச் சொல்வது வழக்கம்.

2017ஆம் ஆண்டு டிசெம்பரில், ரஷ்யாவிற் போய் இறங்கிய இலங்கைத் தேயிலைச் சரக்கொன்றில் ‘கப்ரா’ என்னும் வண்டு காணப்பட்டது. தானியக் களஞ்சியங்களைப் பாழாக்கவல்ல பூச்சி அது. நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடுகளுள் ஒன்றாகிய ரஷ்யா, அம்மாதம் 18ஆந் திகதி முதல் அதற்குத் தற்காலிகத் தடை விதித்தது.

அவ்வேளை இலங்கை அரசு, கூரைத் தகடுகளுக்கு உதவும் கல்நாரைச் சுகாதாரங் கருதித் தடுக்க முனைந்திருந்தது. கல்நாரோ பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வருவது. பேச்சுகள் நடந்தன. ஆண்டு முடியுமுன் தேயிலைத் தடை நீங்கிற்று. கல்நார்த் தடையும் தளர்ந்தது. இரண்டுக்கும் முடிச்சிட்டு அன்று பலரும் பேசினர். நாம் விற்பதும் வாங்குவதும் ஒரே கயிற்றின் இரு நுனிகள் என்பதே இக்கதை தரும் பாடம்.

இனி, விலை எங்கே பிறக்கிறது? தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட தேயிலை, தரகர் வழியாகக் கொழும்பு ஏலத்துக்குச் செல்கிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. ஏற்றுமதியாளர்கள் அங்கே போட்டியிட்டு விலை கேட்கின்றனர். பெரிய நாடொன்றின் வாசல் அடைபட்டால் போட்டி தளரும்; விலையும் சரியும்.

நாணய மதிப்பும் இதிற் சேரும். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைக் கடந்தது. ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை ஏறிற்று. ஆனால், லயத்து அடுப்படிக்கு வேண்டிய கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் உடன் ஏறின. கூடுதலாக வந்த காசு, வந்த வழியே போயிற்று.

ஏலம் தாழ்ந்தால், ‘தோட்டத்துக்கு வருமானமில்லை’ என்னும் சொல் விரைந்து மலையேறி வருகிறது. ஏலம் உயர்ந்த செய்தியோ மெல்ல மெல்லத்தான் வருகிறது. சில வேளை வருவதேயில்லை.

ஆகவே மாணவர்களே, வாரந்தோறும் ஏல விலையையும் டொலர் மதிப்பையும் குறித்துவைத்து, வீட்டிலே பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். சம்பளப் பேச்சு எழும் நாளில் அக்குறிப்பு உதவும். கணக்கு அறிந்தவரே தம் பங்கைக் கேட்டுப் பெறவல்லவர்.