நடுக்குவாதமும் சித்தக் கலக்கமும்

நெய்வேலியில் 1957-ல் பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டத் தொடங்கிய நாட்களில் வாலிபராய் வேலைக்கு வந்தோர், இன்று எண்பதைக் கடந்த விருத்தர்கள். பார்க்கின்ஸன் வியாதி எனும் நடுக்குவாதம் பெரும்பாலும் முதுமையையே பற்றுவதாகையால், அவர்கள் பொருட்டு இதை எழுதுகிறோம்.

1817-ல் இவ்வியாதியை விவரித்த லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன், அது புத்தியைத் தீண்டாதென்று எழுதினார். அவர் ஆராய்ந்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரை வீதியில் கண்டதோடு சரி! உண்மை வேறு. நடுக்கம் தோன்றுவதற்குச் சில வருஷங்கள் முன்பே மனச்சோர்வு வரக்கூடும். பின்னர், இல்லாத மனிதரை அறையில் காண்பதும், மனைவிமேல் ஆதாரமற்ற சந்தேகம் கொள்வதும் உண்டு. இத்தகைய மாயத்தோற்றம் உடையோருக்கு ஞாபகமும் விவேகமும் நசிக்கும் அபாயம் அதிகம். சிட்னி நகரில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த வைத்தியர்கள், 20 வருஷம் உயிர்தரித்தோரில் நூற்றுக்கு 83 பேருக்கு மறதிநோய் கண்டிருந்ததாக 2008-ல் வெளியிட்டனர்.

நம் வீடுகளிலோ இதற்குப் பேய் என்றும் பிடிவாதம் என்றும் பெயர். நடுக்கத்துக்குத் தரும் மருந்தே சில சமயம் மாயத்தோற்றத்தை உண்டாக்கும். அதை அடக்க ஹாலோபெரிடால் கொடுத்தாலோ உடம்பு மரமாய் விறைத்துவிடும். இதை எத்தனை குடும்பத்தார் அறிவர்?

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வியாதியைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. ஆதலின் நாம் யாசிக்கவில்லை; கேட்கிறோம். நெய்வேலி ஆஸ்பத்திரியில் நடுக்குவாதக்காரர் வரும்போதெல்லாம் அவர் மனநிலையை அவரிடமும் வீட்டாரிடமும் தனித்தனியே விசாரித்து எழுதிவைக்க வேண்டும். ஓய்வு பெற்று, நகரியத்து வீட்டைக் காலி செய்து, பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் போய்விட்டவர்களை வருஷத்துக்கு ஒருமுறையேனும் தேடிச் சென்று பார்க்க வேண்டும். சுரங்க நிர்வாகத்தாருக்கு இச்செலவு பெரிதன்று.