ஞானப்பல்லும் புகைப்பழக்கமும்

ஏனைய பற்களெல்லாம் முளைத்து நிலைத்த பின்னர், பெரும்பாலும் 17 முதல் 25 வயதிற்குள், வாயின் கடைக்கோடியில் தலைகாட்டும் பல்லை ஞானப்பல் என்கிறோம். தாடையில் போதிய இடமில்லையெனில் அது சாய்ந்தோ, ஈறினுள் பாதி புதைந்தோ நின்றுவிடும். அதனருகே உணவு தங்கும், ஈறு வீங்கும், வாய் திறப்பதும் அரிதாகும். இது பன்முறை நேரின், பல்லை எடுத்துவிடுவதே நலமென்று மருத்துவர் கூறுவர். பிழைப்பு நாடி இம்மும்பை மாநகருக்கு வரும் நம் இளைஞர் பலர்க்கும் அதுவே வயது. ஆதலின் இத்திங்கள் அதைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

பல்லை எடுப்பது மருத்துவரின் பணி. எடுத்த இடத்தை ஆற்றுவது உடலின் பணி. அதைக் கெடுக்காமல் இருப்பது நம் பணி. பல் இருந்த குழியில் உதிரம் நிறைந்து உறைகிறது. அவ்வுறைகுருதியே அக்குழிக்கு மூடி. அடியிலுள்ள எலும்பையும் நரம்பு நுனிகளையும் மறைத்துக் காப்பது அதுவே; புதிய தசை வளர்வதும் அதனைப் பற்றியே. ஈறு மூடச் சில வாரங்களும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும்.

அம்மூடி இடையிலே பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்படும். இதனை உலர்குழி என்பர். குறைய வேண்டிய வலி மூன்றாம் நாள் வாக்கில் மிகும், காதுவரை தெறிக்கும், வாயில் கெட்ட சுவையும் நாற்றமும் தோன்றும். கீழ்த்தாடையின் ஞானப்பல்லை எடுத்தவர்க்கும், புகை பிடிப்பவர்க்கும் இத்துன்பம் நேரும் வாய்ப்பு அதிகம்.

புகை செய்யும் தீங்குதான் யாது? இழுக்கும் விசை உறைகுருதியைப் பெயர்க்கக் கூடும். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண்ணுக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அவ்விரத்தம் சுமந்து வரும் பிராணவாயுவையும் குறைக்கிறது. சூடும் நஞ்சும் புண்ணை நேரே உறுத்துகின்றன. பீடி சிறியதுதானே என்று எண்ணற்க. அடிக்கடி இழுக்காவிடில் அது அணைந்துவிடும்; ஆதலின் இழுப்பும் அதிகமே. புகையில்லையே என்று கைனி, குட்கா, புகையிலை சேர்த்த பீடா ஆகியவற்றை நாடுவதும், இப்பகுதியில் பல் துலக்கப் பயன்படும் மிஷ்ரி என்னும் கருக்கிய புகையிலைத் தூளைத் தேய்ப்பதும் பச்சைப் புண்ணுக்குக் கேடே.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர்க்கு இந்தியும் மராத்தியும் தெரியா. மாமாவோ அண்ணனோ உடன் சென்று மொழிபெயர்க்கிறார். "புகை பிடிப்பதுண்டா?" என்று மருத்துவர் வினவுகிறார். பெரியவர் எதிரில் பையன் என்ன விடை கூறுவான்? "இல்லை" என்றே கூறுவான். மருத்துவரும் அது குறித்து அழுத்திச் சொல்லாமல் விடுவார். அன்று மாலையே மாடிப்படியடியில் பீடி புகையும். பெரியோர்களுக்கு நம் வேண்டுகோள் இது: அவ்வினா எழும்போது கோபத்தை ஒதுக்கி, "உள்ளதைச் சொல்லப்பா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்று கூறுங்கள். மரியாதை காப்பதைவிடப் பிள்ளையின் வாயைக் காப்பது முதன்மையன்றோ?

மருத்துவர் வைத்த பஞ்சுத் துணியை அவர் சொன்ன நேரம்வரை, ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம், அழுத்திக் கடித்திருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் துப்புவதும் வாய் கொப்பளிப்பதும் வேண்டா. அதன்பின் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் மெல்ல அலைத்து, விசையின்றி வெளிவிடலாம். ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சோறு, மோரில் ஊறிய இட்டிலி ஆகியவை ஏற்றவை. உறிஞ்சுகுழலால் எதையும் பருகலாகாது. புகையைக் குறைந்தது 3 நாட்களேனும் விலக்குக; ஒரு வாரமும் அதற்கு மேலும் விலக்குதல் இன்னும் நன்று. வலி நாளுக்கு நாள் மிகுமாயின் மருத்துவரிடம் விரைக. அவர் குழியைக் கழுவி மருந்து வைப்பார். கிராம்புத் தைலத்தை வீட்டிலேயே குழியில் ஊற்றுவது தசையைப் புண்ணாக்கும்.

இறுதியாக ஒன்று. புகையை விட்டவர்க்கு ஏக்கம் கடுமையாக இருப்பது முதல் இரண்டு மூன்று நாட்களே. பின்னர்ச் சில வாரங்களில் அது தணியும். பல்லுக்காகப் பொறுத்த அந்நாட்கள் பழக்கத்தை விடுவதிலும் மிகக் கடினமான நாட்களே. அவற்றைக் கடந்தவர் நான்காம் நாள் மீண்டும் தீப்பெட்டியைத் தேடுவானேன்? துணை வேண்டுவோர் நடுவணரசின் புகையிலை நிறுத்த உதவி எண்ணாகிய 1800-11-2356 என்பதைக் கட்டணமின்றி அழைக்கலாம். சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே அவ்வெண் அச்சிடப்பட்டுள்ளது. பெட்டியை எறியுமுன் அதனைக் குறித்துக்கொள்ளுங்கள்.