பள்ளத்தை விட ஜல்லி பயம்!

காலையில் சிவகாசி, திருத்தங்கல் பக்கம் நின்று பாருங்கள். பட்டாசு ஆலைக்கு ஆட்களை ஏற்றிய வேன்கள், டிபன் வாளி தொங்கும் டிவிஎஸ் 50-கள். இவர்களுக்குப் பள்ளம்கூடப் பழகிவிடும். இடம் தெரிந்து ஒதுங்குவார்கள். மூடுகிறேன் என்று கொட்டிய ஜல்லிதான் வம்பு!

பள்ளத்தின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, தூசியும் ஈரமும் போக்கி, தார் தெளித்து, கலவை போட்டு ரோலரால் அழுத்த வேண்டும். சும்மா கொட்டினால் அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடும்.

2013 முதல் 2017 வரை நாட்டில் சாலைப் பள்ளங்களால் இறந்தவர்கள் 14,926 பேர். 2018-ல் உச்ச நீதிமன்றமே அதிர்ந்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, தரமற்ற சாலையால் உயிர் போனால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். (அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள்!)

ஜல்லியில் ஏறும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏறிய பிறகு முன் பிரேக்கைத் தொடாதீர்கள். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதே.